ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட்

சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் முகத்தில் ஒரு களை இருக்க வேண்டும். ரொட்டிக்காரனும் அவன் மனைவியும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்தால், தூரத்துச் சொந்தத்தில் யாரோ போய்விட்டார்கள், தலையைக் காட்டிவிட்டு வரக் கிளம்பியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். அவன் கம்பத்தில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடியிருப்பான். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் வருகிறதா என்று அவனுக்கும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். போன் செய்யும்போதெல்லாம் நாத்தனார் மட்டும், “உங்களுக்கென்ன அண்ணி, வாராவாரம் ஜோடியா ஊர் சுத்துறீங்க” என்று வயிறெரிந்தாள்.

அவனுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் ராத்திரி வேலை. விடியும்வரை அடுப்பு வாயில் நின்று தட்டுகளை உள்ளே தள்ளவும் வெளியே இழுக்கவும் வேண்டும். அவளுக்கு ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பகல் வேலை. அவன் வீட்டுப் படி ஏறும்போது அவள் இறங்குவாள். நடுப்படியில் நின்று, டியூட்டி மாற்றிக்கொள்கிறவர்கள் மாதிரி விவரத்தை ஒப்படைப்பார்கள். “கேஸ் தீரப் போகுது.” “மோட்டார் ரிப்பேர்காரன் வந்தா காசு குடுத்துடாதீங்க, பாதி வேலைதான் செஞ்சிருக்கான்.” “சாப்பாடு மூடி வச்சிருக்கேன்.” குடித்தனம் இப்படியே ஓடியது. கட்டிலுக்குத்தான் பாவம், ஓய்வே கிடையாது.

அவனுக்கு வார விடுமுறை இல்லாமல் இல்லை. ஆனால் சனிக்கிழமை ராத்திரி ஒருநாள் மட்டும் தூங்கு என்றால் உடம்பு கேட்குமா? அவள் தூக்கம் கெடக்கூடாதென்று அறைக்கதவைச் சாத்திவிட்டுக் கூடத்தில் கொட்டக் கொட்ட விழித்திருப்பான். விடிந்ததும் கண் சொக்கும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவன் தூங்க, அவள் துணி துவைத்து, வீட்டைப் பெருக்கி, சாயங்காலம் தலையணையைத் தூக்கி அவன் மேல் எறிந்தாள். “நான் புருஷனோட இருக்கேனா, லாட்ஜ் நடத்துறேனா?” என்று கேட்டாள். அன்றைக்குப் போட்ட சட்டம்தான் இது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கக்கூடாது, வெளியே போயே தீர வேண்டும்.

எங்கே போவது? சினிமாவுக்குப் போனார்கள், பெயர் போடும்போதே குறட்டை கிளம்பி, முன்வரிசைக்காரர் சண்டைக்கு வந்துவிட்டார். பூங்காவில் பந்து வந்து மண்டையில் விழுந்தது. கடைசியில் மியூசியத்தில் வந்து நின்றார்கள். உள்ளே குளுகுளுவென்று இருக்கும், கழிப்பறை சுத்தமாக இருக்கும், யாரும் “என்ன வேணும்?” என்று கேட்க மாட்டார்கள். முதல் மியூசியத்திலேயே அவன் நின்றபடி தூங்கி, ஒரு பழைய கிரீடம் வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியில் நெற்றியை முட்டி, அலாரம் அடித்துக் காவலாளிகள் நாலாபுறமும் ஓடி வந்தார்கள். “திருட வரலீங்க, தூக்கம்” என்று அவள் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு ஏற்பாடு செய்தார்கள். இவர்களுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும். ஒரு பெஞ்சைப் பிடித்துக்கொள்வது; முதலில் அவன் தூங்குவான், அவள் கீழ்த்தளத்தைச் சுற்றிப் பார்ப்பாள். பிறகு அவனை எழுப்பிவிட்டு அவள் கண்ணசருவாள், வாரம் முழுக்க மைக்ராஸ்கோப்பில் குனிந்த கழுத்து அவளுக்கு. அவன் மாடியைப் பார்ப்பான். திரும்பும் பஸ்ஸில் அவரவர் பார்த்ததை அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். ஒன்றாக இருக்கத்தான் வெளியே கிளம்பினார்கள். அங்கேயும் ஷிஃப்ட் போட்டுக்கொண்டார்கள். ரயில் மியூசியம், கடிகார மியூசியம், மீன் காட்சியகம், குழந்தைகளின் விஞ்ஞானப் பூங்கா என்று ஊரில் ஒன்று பாக்கியில்லை. எதையும் இரண்டு பேரும் சேர்ந்து முழுசாகப் பார்த்ததுமில்லை.

ஆனால் அந்த பஸ் பயணம் இருக்கிறதே, அதற்காகத்தான் அவள் வாரம் பூராவும் காத்திருந்தாள். அவள் சொல்வது ரிப்போர்ட் படிப்பது மாதிரி இருக்கும். அவன் சொன்னால் நேரம் போவதே தெரியாது. ராணியின் நாய்க்கென்று தனி ரயில் பெட்டி, அதில் நாய்க்கு ஒரு குளியல் தொட்டி, தொட்டியைக் கழுவ ஓர் உத்தியோகஸ்தர். வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கிளப்புவதற்காகவே பொய் மணி அடிக்கும் கடிகாரம். அதையெல்லாம் திங்கட்கிழமை அவள் பரிசோதனைக் கூடத்தில் ஒன்றுவிடாமல் ஒப்பிப்பாள்.

அங்கேதான் வினை வந்தது. கூட வேலை பார்க்கிற ஒல்லிப் பெண்ணுக்கு, உடம்பையும் வாயையும் பார்த்து எல்லோரும் வைத்த பெயர் குண்டூசி. அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ரயில் மியூசியத்துக்குப் போயிருக்கிறாள். நாய்ப் பெட்டியைக் காட்டு என்று பிள்ளைகள் தரையில் புரண்டு அழுதிருக்கின்றன. காவலாளியிடம் கேட்டதற்கு அவர் வாய்விட்டுச் சிரித்தாராம்.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. அங்க மாடியில வெறும் சிக்னல் விளக்கும் டிக்கெட் மெஷினும்தான் இருக்கு. உங்க வீட்டுக்காரர் உங்க காதுல நல்லா பூ சுத்தியிருக்காரு” என்றாள் குண்டூசி.

ரொட்டிக்காரன் மனைவி சிரித்து மழுப்பினாள். ஆனால் அன்றைக்கு முழுக்க மனசு வேலையில் நிற்கவில்லை. மாடிக்கே போயிருக்க மாட்டான், எங்கேயாவது மூலையில் இன்னொரு தூக்கம் போட்டுவிட்டு வாய்க்கு வந்ததை அடித்துவிட்டிருக்கிறான். வாரத்தில் ஒரு மணி நேரம் எனக்காகக் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறான் என்று நம்பினேனே, அதுவும் புளுகா?

குண்டூசி சொல்லாவிட்டாலும் அந்த வாரம் அவளுக்கு நிம்மதியில்லை. வெளியூரில் திறக்கிற கிளை ஆஸ்பத்திரிக்கு மேற்பார்வையாளராகப் போகிறாயா என்று கேட்டிருந்தார்கள். நல்ல வேலை. அங்கேயே தங்க வேண்டும், எப்போது திரும்புவது என்று சொல்ல முடியாது. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். நடுப்படியில் நின்று சொல்கிற சங்கதியா இது? அவள் வீட்டில் வாயே திறக்கவில்லை. பஸ்ஸில் அவன் பேசுவதை நினைத்து முடியாது என்று சொல்ல இருந்தாள். இப்போது எதற்காக முடியாது என்பது? இந்த ஞாயிற்றுக்கிழமை அவன் தூங்குவதைக் கையும் களவுமாகப் பிடிப்பது, பிடித்த இடத்திலேயே ‘நான் போகிறேன்’ என்று சொல்லிவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

அன்றைக்குப் போனது உயிரினங்களின் மியூசியம். பெரிய கூடத்தில் திமிங்கலத்தின் எலும்புக்கூடு கூரையிலிருந்து தொங்கியது. அதற்குக் கீழே ஊர்ப்பட்ட பிள்ளைகள், குழந்தைத் தள்ளுவண்டிகள், கத்தல். ஓரத்து பெஞ்சில் அவன் உட்கார்ந்த மாத்திரத்தில் தலை தொங்கிவிட்டது. அவள் பேருக்கு ஒரு சுற்றுச் சுற்றினாள். பாடம் பண்ணிய பறவைகள் வரிசையாக நின்றன. ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. திரும்பி வந்து அவன் தோளைத் தட்டினாள்.

“ம்... என் முறையா?” என்றான் கண்ணைக் கசக்கிக்கொண்டு.

“மாடியில பூச்சி, வண்ணத்துப்பூச்சி எல்லாம் இருக்காம். நிதானமா பாத்துட்டு வாங்க.”

“நீ காலை நீட்டிக்கோ. பையைத் தலைக்கு வச்சுக்கோ” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு படுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து இமையைச் சற்றே பிரித்துப் பார்த்தாள். எதிரே அகலமான மாடிப்படி. அவன் மாடிக்குப் போகவில்லை. ஒரு படியில் கால் வைத்தான், கைப்பிடியை இறுக்கிப் பிடித்தான், அடுத்த காலைத் தூக்கினான், முகம் கோணியது. இறங்கி, முதல் படியிலேயே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டான். முழங்காலை இரண்டு கையாலும் அமுக்கினான்.

இப்போது தூங்குவான் என்று காத்திருந்தாள். கொட்டாவி மட்டும் விட்டான். கன்னத்தைத் தேய்த்துக்கொண்டான். அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பொம்மை டைனோசரோடு கத்திக்கொண்டு ஓடிவந்த ஒரு வாண்டு பெஞ்சின் அருகில் வந்ததும், அவன் படியிலிருந்தே உதட்டில் விரலை வைத்துத் தலையை ஆட்டினான். வாண்டு சத்தத்தை நிறுத்திவிட்டு நுனிக்காலில் நடந்து போயிற்று. தள்ளுவண்டிக்காரி ஒருத்தி பெஞ்சை இடிக்க வந்தாள். அவன் எழுந்து நொண்டிக்கொண்டே வந்து, வண்டியைச் சத்தமில்லாமல் திருப்பிவிட்டு, மறுபடி போய் உட்கார்ந்தான். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். சண்டைக்கென்று சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

எழுந்து போய் அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். அவன் திடுக்கிட்டான்.

“அதுக்குள்ள எழுந்துட்டியா? நான் இப்பதான் மேலேருந்து இறங்கி...”

“வண்ணத்துப்பூச்சி எப்படி இருந்துச்சு?”

“அடேயப்பா, ஒண்ணு இருக்கு பாரு, ரெக்கையில...”

“போதும்” என்றாள். “நாய்க்கு ரயில் பெட்டி கிடையாதாம். குண்டூசி போய்ப் பாத்துட்டு வந்துட்டா.”

அவன் காது நுனி சிவந்தது.

“எத்தனை நாளா இந்த முட்டி வலி?”

“கடிகார மியூசியத்துக்குப் போனோமே, அதுக்கு முன்னாடிலேருந்து. ராத்திரி பூரா நிக்கிறேன்ல. படி ஏறினா உயிர் போகுது. வீட்டுப் படியில நீ இறங்கிப் போற வரைக்கும் சமாளிச்சுடுவேன்.”

“வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா வீட்டுலயே கிடங்கன்னு சொல்லுவ. வீட்டுல இருந்தா நான் தூங்கிடுவேன். நீ தலையணையைத் தூக்கி எறிவ. நீ இவ்வளவு பாத்துட்டு வந்து சொல்ற. நான் மட்டும் வெறும் வாயோட எப்படி பஸ் ஏறுறது? அதான் இங்க உட்கார்ந்து எதையாவது யோசிச்சு வைப்பேன்.”

“அந்த நேரத்துக்குத் தூங்கியாவது இருக்கலாம்ல?”

“தூங்கலாம்னுதான் முதல்ல உட்கார்ந்தேன். நீ தூங்குறது கண்ணுல பட்டுது.” முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னான். “நான் வீட்டுக்கு வரும்போது நீ கிளம்பிப் படி இறங்கிட்டிருப்ப. தலையணையில குழிதான் இருக்கும். நீ தூங்கி நான் பாத்து எவ்வளவு நாளாச்சு, சொல்லு. வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்குற நீ, தெரியுமா?”

“பக்கத்துல வந்து உட்கார்ந்து பாக்குறதுக்கென்ன?”

“பக்கத்துல உட்கார்ந்தா நானும் தூங்கிடுவேன். பொது இடம். பை இருக்கு, நீ இருக்க. யாராவது ஒருத்தர் முழிச்சிருக்க வேணாமா?”

இவனை விட்டுவிட்டுப் போகத்தான் வீட்டிலிருந்து கிளம்பி வந்தேன் என்பது இப்போது அவளுக்கு உறைத்தது. இருந்தாலும் மறைக்கக்கூடாது என்று எல்லாவற்றையும் கொட்டினாள். கிளை ஆஸ்பத்திரி, வெளியூர், நாளைக்குச் சொல்ல வேண்டிய பதில், குண்டூசி சொன்னதைக் கேட்டபிறகு போய்விடுவது என்று நினைத்தது, எல்லாம்.

அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். போகாதே என்று சொல்வான் என்று எதிர்பார்த்தாள்.

“நல்ல வேலைதானே. போ” என்றான். விரல் விட்டு மணியை எண்ணிப் பார்த்து, “சனிக்கிழமை எனக்கு லீவுதான். ராத்திரி பஸ் புடிச்சா விடியறதுக்குள்ள அங்க வந்துடுவேன். அந்த ஊர்ல மியூசியம் இருக்கா?” என்று கேட்டான்.

“தெரியல.”

“இல்லாட்டியும் பரவாயில்ல. ஒரு பெஞ்சு இருந்தா போதும்.”

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வாரம் முழுக்க அடுப்பின் முன்னால் நின்ற காலோடு, ராத்திரி முழுக்க பஸ்ஸில் குலுங்கி வந்து, ஏதோ ஓர் ஊரில் இறங்கி அவள் தூங்குவதற்குக் காவல் இருப்பான். கட்டாயம் வருவான், வாராவாரம் வருவான். அதை நினைத்தபோது அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தள்ளுவண்டிக்காரி திரும்பிப் பார்த்தாள். பார்த்தால் பார்க்கட்டும் என்று அழுதாள். அவன் சட்டைக் கையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டான். அதில் வெந்த மாவு வாசனை அடித்தது.

“நான் போகல” என்றாள்.

“எனக்காக விடாத. அப்புறம் வாழ்நாள் பூரா சொல்லிக் காட்டுவ.”

“சொல்லிக் காட்டத்தான் செய்வேன். வேற யார்கிட்ட போய்ச் சொல்றது?” மூக்கை உறிஞ்சினாள். “நாளைக்குப் போய் வேற யாரையாவது அனுப்புங்கன்னு சொல்லிடறேன். நீங்க முட்டிய டாக்டர்கிட்ட காட்டுறீங்க. பகல் வேலை இருக்கான்னு கேக்குறீங்க.”

“கேட்டா உடனே குடுத்துடுவாங்களா?”

“குடுக்கலன்னா மறுபடியும் கேளுங்க. இப்ப எழுந்திரிங்க, வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். எனக்கு ரொம்ப அலுப்பா இருக்கு.”

அவன் கைப்பிடியைப் பிடித்து மெல்ல எழுந்தான். நம்பிக்கையில்லாமல் அவளைப் பார்த்தான்.

“ரெண்டு பேருமா?”

“ரெண்டு பேரும்தான்.”

“அப்ப யாரு முழிச்சிருக்கிறது?”

“யாரும் வேணாம்” என்றாள். “கதவைப் பூட்டிக்கலாம்.”