கூடு கட்டும் பத்து நாள்

எழுபத்தேழாம் வருஷம் ஐப்பசியில் பெய்த மழைக்கு மேல்புத்தேரி ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் கோடி போனது. ஆறு வருஷமாகப் பாளம் வெடித்துக் கிடந்த ஏரி. திருவண்ணாமலைக்குக் கிழக்கே எட்டு மைலில் இருந்த அந்த ஊரே திரண்டு போய்க் கரைமேல் நின்று பார்த்தது. கனகலதாவும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஏரிக்குக் கீழே இருந்த ஐந்து ஏக்கர் அவள் பெயரில் இருந்தது. அப்பா எழுதி வைத்தது. கணவர் ஆதிராஜ் பக்கத்து ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். நடவு, அறுப்பு, ஆள் விடுவது எல்லாம் கனகலதாவின் பொறுப்பு.

தீபாவளி கழிந்த மூன்றாம் நாள் கொக்குகள் வந்தன. வீட்டுக்குப் பின்னால் கிணற்றை ஒட்டி இரண்டு புளியமரங்கள், வயலின் கடைக்கோடியில் ஒன்று. கிணற்றடி மரங்கள் இரண்டும் காலையில் பார்க்கும்போது வெளுத்திருந்தன. வெள்ளைக் கொக்குகளுக்கு நடுவே நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அவளுக்கு அது பார்க்க அழகாகத்தான் இருந்தது, நாலைந்து நாளைக்கு.

பிறகு ஒரு காலை, துணி கட்டித் தண்ணீர் வடிகட்டும் கல்லின்மேல் ஒரு கெண்டை மீன் வந்து விழுந்தது. பாதி செரித்த மீன்.

ஜைனக் குடும்பம். அந்த வீட்டில் இருட்டிய பிறகு யாரும் சாப்பிடுவதில்லை. கிழங்குகூடச் சமையலறைக்குள் வராது. கனகலதா கல்லை மூன்று தடவை கழுவினாள். அன்றைக்கே இன்னும் இரண்டு விழுந்தன. எச்சம் கிணற்றில் விழுந்து தண்ணீர்மேல் ஆடை படர்ந்தது. குடிக்கவும் சமைக்கவும் தெருக்கோடிக் கிணற்றிலிருந்து குடம் சுமக்க வேண்டியதாயிற்று. பொறுத்துப் பார்க்கலாம் என்று ஆதிராஜ் சொன்னார். குடம் சுமப்பது அவரில்லை.

அந்த வாரம் ஹபீப் முகம்மது காய் பார்க்க வந்தார். திருவண்ணாமலையில் புளி மண்டி வைத்திருப்பவர். வருஷா வருஷம் மரத்தில் காயைப் பார்த்துக் குத்தகை பேசிக்கொள்வார். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். அவருடைய மாமியார் ஊரிலும் ஏரிக்கரை மரங்களில் இப்படி வந்து இறங்குமாம். அவர் சொன்னதில் கனகலதா காது கொடுத்துக் கேட்டது ஒன்றுதான்.

“இதுங்க வந்த உடனே முட்டை வெக்காதும்மா. பத்து நாளு, பன்னண்டு நாளு சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டும். அப்ப சத்தம் குடுத்தா வேற மரம் பாத்துக்கினு போயிடும். முட்டை வெச்சிடுச்சின்னா மாசி வரைக்கும் அசையாது.”

“ஒண்ணும் சாகாதே, பாய்?”

“ஒண்ணும் ஆகாதும்மா. பறந்து போயிடும், அவ்ளோதான்.”

வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து, இரண்டு ஆட்களோடு தகரமும் வெடியும் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் வியாழக்கிழமை புயல் மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் விடவில்லை. ரோட்டில் பாலம் உடைந்து பஸ் நின்றது. அவர் வந்து சேர்ந்தது அதற்கடுத்த வெள்ளிக்கிழமை.

அன்று காலையில், களையெடுக்க வந்த பொன்னி கிணற்றடியிலிருந்து கையைக் குவித்துக்கொண்டு வந்தாள். உள்ளங்கையில் ஒரு முட்டை. வெளிர் நீலத்தில் லேசான பச்சை. ஈரச் சருகின்மேல் விழுந்ததால் உடையவில்லை.

“காத்துல விழுந்திருக்குதும்மா,” என்று கொடுத்துவிட்டு அவள் வயலுக்குப் போய்விட்டாள்.

கனகலதா அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சில்லிட்டிருந்தது. இதை இருவரைத் தவிர யாரும் பார்க்கவில்லை. பொன்னி வாய் திறக்க மாட்டாள். பேசாமல் சருகைத் தள்ளி மண்ணில் புதைத்துவிட்டால், பொழுது சாய்வதற்குள் மரம் காலியாகிவிடும். நாளை தன் கிணற்றிலேயே தண்ணீர் சேந்தலாம். மேலே எத்தனை கூட்டில் முட்டை இருக்கிறதென்று யார் ஏறிப் பார்த்தார்கள்? இந்த ஒன்று மட்டும்தானோ என்னவோ. இப்படியெல்லாம் நினைத்தாள். நினைத்ததை அவள் பிறகு தன்னிடம் மறைத்துக்கொள்ளவும் இல்லை.

மத்தியானத் தொழுகை முடித்து ஹபீப் முகம்மது ஆட்களோடு வந்தார். ஒருவன் வெடிக்குத் திரி கிள்ளத் தொடங்கினான். கனகலதா முந்தானையை விலக்கி முட்டையை நீட்டினாள்.

“வெச்சிடுச்சிங்க, பாய். வேணாம்.”

அவர் அதைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். ஆட்களிடம் வெடியைப் பைக்குள் போடச் சொன்னார். வந்த கூலி வீணாகிறதே என்று ஒருவன் முணுமுணுத்ததைக் கண்டுகொள்ளவில்லை.

“தெரிஞ்சி செய்ய எனக்கும் மனசு வராதும்மா. ஆனா இந்த வருசம் இந்த ரெண்டு மரத்தை நான் எடுக்க மாட்டேன்,” என்றார். அவள் சரியென்றாள்.

பிறகு மூன்று மாதம் ஓடியது. கிணற்றின்மேல் ஓலைக் கீற்று போட்டு மூடினார்கள். எச்சத்தில் இலையெல்லாம் கருகி, மரம் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆனது. கனகலதா புழக்கடைக்குப் போகும்போதெல்லாம் ஆதிராஜின் பழைய குடையை விரித்துக்கொண்டு போனாள். தெருப் பெண்கள் சிரித்தார்கள். மார்கழியில் குஞ்சுகள் பொரிந்து, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஒரே இரைச்சல்.

மாட்டுப் பொங்கலன்று ஊர் ஜனம் பாதி திருவூடல் உற்சவம் பார்க்கத் திருவண்ணாமலைக்குப் போயிருந்தது. பொன்னியும் அவள் வீட்டுக்காரரும் போயிருந்தார்கள். ஆதிராஜ் போளூரில் தங்கை வீட்டில். மத்தியானம் மரத்திலிருந்து ஒரு குஞ்சு தொப்பென்று விழுந்தது. சாண் உயரம், கலைந்த வெள்ளைச் சிறகு, உடம்புக்குப் பொருந்தாத நீளக் கால். தெருநாய் மோப்பம் பிடித்து வந்ததைத் துரத்தி, குஞ்சின்மேல் பழைய மூங்கில் கூடையைக் கவிழ்த்தாள். அது கூடைக்குள்ளிருந்து கத்தியது. தண்ணீர் வைத்தாள், தொடவில்லை. சோறு வைத்தாள், மிதித்துவிட்டு மறுபடி கத்தியது. மேலே தாய்ப்பறவை எது என்றே தெரியவில்லை. ஒன்றும் கீழே இறங்கவில்லை.

அது என்ன தின்னும் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. கிணற்றடியில் நான்கைந்து மீன்கள் கிடந்தன.

ஒரு மணி நேரம் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். கத்தல் மெலிந்துகொண்டே வந்தது. அதுதான் அவளை எழுப்பியது. பூவரச இலை இரண்டைப் பறித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு மீனை எடுத்தாள். ஏற்கெனவே செத்தது, நான் கொல்லவில்லை என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். கூடையைத் தூக்கியதும் குஞ்சு அவள் விரலையும் சேர்த்துக் கொத்தி மீனைப் பிடுங்கியது. இலை கிழிந்து மீன் கையில் பட்டுவிட்டது. அடுத்ததை அவள் வெறுங்கையால் எடுத்தாள். மூன்று தின்றது.

தலை முழுகி, சேலை நனைத்து வருவதற்குள் பொழுது இறங்கிவிட்டது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

காலையில் ஊர் திரும்பிய ஆதிராஜிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கூடைக்கருகே குனிந்து குஞ்சைப் பார்த்தார். பிறகு, “பசியோட விட்டிருந்தா மட்டும் உனக்குச் சாப்பாடு எறங்கி இருக்குமா?” என்று கேட்டுவிட்டு ஏணி எடுக்கப் போனார். தாழ்ந்த கிளையில் விட்டதும், குஞ்சு அலகையும் நகத்தையும் மாட்டி மாட்டி மேலே ஏறி மற்றவற்றோடு கலந்தது. அதற்குப் பிறகு எது அந்தக் குஞ்சு என்று சொல்ல முடியவில்லை.

மாசிக் கடைசியில் ஒவ்வொரு கூட்டமாக எல்லாம் போய்விட்டன. கிணற்றை இறைத்துத் தூர் வாரினார்கள். எச்சம் ஊறிய மரத்தடி மண்ணை எருவுக்காகப் பொன்னியும் வீட்டுக்காரரும் வெட்டி நாற்றங்காலில் கொட்டினார்கள். உடனே விதைத்ததில் பாதி நாற்று கருகிப்போனது, காரம் ஜாஸ்தி. ஒரு கோடை ஆறவிட்டுப் போட்டிருக்க வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது.

மறுவருஷமும் ஏரியில் தண்ணீர் இருந்தது. ஐப்பசி பிறந்ததிலிருந்தே கனகலதா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் கொக்கு வந்து உட்கார்ந்த காலையிலேயே, ஹபீப் முகம்மதுக்கு ஆள் அனுப்பாமல் தானே பழைய தகர டின்னையும் கம்பையும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். விடிந்ததும் ஒரு தடவை, பொழுது சாயும்போது ஒரு தடவை. கூடவே பொன்னி தாம்பாளத்தைத் தட்டினாள். கிளைகளில் கிழிந்த வேட்டித் துணிகளை ஆதிராஜ் கட்டிவிட்டார். வயல்கோடி மரத்தின் பக்கம் யாரும் போகவில்லை. கொக்குகள் இரண்டு நாள் வட்டமடித்தன. மூன்றாம் நாள் ஒரு நீர்க்காகம் கோடி மரத்தில் சுள்ளியோடு இறங்கியது. எட்டாம் நாள் எல்லாம் அங்கேதான் இருந்தன. கனகலதா டின்னை உள்ளே வைத்தாள்.

கார்த்திகையில் ஹபீப் முகம்மது வந்து கிணற்றடி மரங்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டார். காய் கம்மிதான், போன வருஷம் பட்ட பாடு என்றார். கோடி மரத்தைக் கைகாட்டி எத்தனை கூடு இருக்கும் என்று கேட்டார். அறுபது வரை எண்ணி, அதற்கு மேல் விட்டுவிட்டதாக அவள் சொன்னாள்.

அவர் போனபின் பொன்னியை அழைத்துக்கொண்டு வயல்கோடிக்கு நடந்தாள். வீட்டிலிருந்து அத்தனை தூரத்தில் ஒரு குஞ்சு விழுந்தால் யாருக்கும் தெரியாது. நாயும் நரியும் வராமலிருக்க, இருவரும் வேலிகாத்தான் முள்ளை வெட்டி மரத்தைச் சுற்றி இடுப்பளவுக்கு வேலி போட்டார்கள். அன்று மத்தியானம் முழுக்க அந்த வேலைதான்.