பனியன் ஓடிய ஓட்டம்

பனியனைச் சலவை இயந்திரத்தில் போட்டபோது, அதன் முதுகுப் பைக்குள் கருவி இருந்தது சுள்ளிக்கு நினைவில்லை. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். எவ்வளவு ஓடினாள், இதயம் எப்படித் துடித்தது என்று சகலத்தையும் கோச்சிடம் போட்டுக் கொடுத்துவிடும். தண்ணீர் புகாது என்று வாங்கும்போதே பெருமையடித்திருந்தார்கள். புகவில்லைதான். ஐம்பது நிமிடம் உள்ளே சுழன்றதை ஒன்றுவிடாமல் எழுதி வைத்திருந்தது.

மறுநாள் தொடரோட்ட இறுதிப் போட்டி. கடைசிச் சுற்று அவளுடையது. மூன்று வருடமாக அவள் நாய் படாத பாடு பட்டது இந்த ஒரு சுற்றுக்காகத்தான்.

மைதானத்தில் கோச் டேப்லெட்டை நீட்டினார். அவள் எண்ணுக்கு நேரே சிவப்பு.

"நேத்து என்ன பண்ணித் தொலைச்ச? உடம்பு சக்கையாயிடுச்சுன்னு காட்டுது. இன்னிக்கு நீ ஓட வேண்டாம்."

"நான் எங்கயும் ஓடல சார். பனியன்தான் ஓடுச்சு, வாஷிங் மெஷின்ல. பல்ஸ் பாருங்க, சைபர். செத்துப்போயா ஓடினேன்?"

"நெஞ்சுல கட்டற பல்ஸ் பட்டை சரியா ஒட்டியிருக்காதும்மா. டேட்டா பொய் சொல்லாது."

"இப்பவே ஒரு சுத்து ஓடறேன். பாருங்க சார்."

இருபது வருடம் கண்ணால் பார்த்தே காலம் தள்ளிய மனிதர், "பாத்தா என்ன தெரியும்?" என்று கேட்டார்.

மாற்று வீராங்கனை பளிச்சென்று பச்சையில் இருந்தாள். கணுக்கால் பிசகி மூன்று நாளாகப் படுக்கையில் கிடந்தவள் பச்சையில் இல்லாமல் வேறு எப்படி இருப்பாள்? கால் வலிக்கிறது என்று முனகிப் பார்த்தாள். அது மனப்பயம் என்று கோச் தைரியம் சொல்லி அனுப்பினார். அவள் நொண்டிக்கொண்டு போனதைப் பார்க்க அவருக்கு நேரமில்லை, திரையில் கண்ணாக இருந்தார்.

முதல் மூன்று சுற்றுக்காரிகளும் உயிரைக் கொடுத்து ஓடி, முதலிடத்தில் கோலைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதை வாங்கியவள் பாதிச் சுற்றிலேயே காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

போட்டிப் பனியனும் கருவியுமாகப் பெஞ்சில் கிடந்த சுள்ளிக்கு ஆத்திரத்தில் கண் நிறைந்துவிட்டது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கோச் டேப்லெட்டோடு ஓடி வந்தார்.

"பாத்தியா? சும்மா உக்காந்திருக்கும்போதே இதயம் நூத்தி எழுபது. உன்ன ஓட விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?"

சுள்ளி கருவியைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"அடுத்த போட்டிக்கு இதையே ஓட விடுங்க சார். வேணும்னா எங்க வீட்டு மெஷினையும் தரேன்."