தூணில் ஒட்டிய சிவப்பு

1

இந்தக் கதை எனக்கு நேர்ந்தது. முந்தைய மூன்று வரைவுகளிலும் ‘என் நண்பர் ஒருவருக்கு’ என்று எழுதியிருந்தேன். அப்படி ஒரு நண்பர் எனக்கு இல்லை. ஆனாலும் ‘நான்’ என்று எழுதினால் கை அடுத்த வரிக்கு நகர மாட்டேன் என்கிறது. ஆகவே இவரை ‘நம்மவர்’ என்று வைத்துக்கொள்கிறேன். பழியில் உங்களுக்கும் பங்கு இருப்பது போல ஓர் ஆறுதல்.

தொடக்கங்கள்:

பட்டறைக்குள் நுழைந்ததும் தின்னர் நெடி மூக்கைத் — [வேண்டாம்.]

நம்மவர் அடிப்படையில் நல்ல மனிதர். ஆனால் — [அடித்துவிட்டேன்.]

நம்மவரின் சிவப்புக் காருக்கு முன்கதவில் பெயிண்ட் அடித்து முடித்த அன்று, பெயிண்டர் அவரைக் காரைச் சுற்றி அழைத்துப் போனார்.

இதையே வைத்துக்கொள்வோம்.

2

அந்தப் பட்டறையில் அது வழக்கம். வண்டியை ஒப்படைக்கும் முன் வெயிலில் நிறுத்தி, ஒவ்வொரு பக்கத்தையும் உள்ளங்கையால் தடவிப் பார்க்கச் சொல்வார் பெயிண்டர். நம்மவர் ஒரு கையால் போனைக் காதில் வைத்துக்கொண்டு, மறு கையால் ஒப்புக்குத் தடவினார்.

“முன்கதவுதானே சொன்னேன்? பின்கதவுலயும் ஏன் கொஞ்சம் அடிச்சிருக்கீங்க?”

“அடிபட்ட இடத்துல மட்டும் அடிச்சா திட்டுத் திட்டா தெரியும் சார். கொஞ்சம் தள்ளி வரைக்கும் இழுத்து விடணும். அப்பத்தான் எங்க ஆரம்பிச்சது, எங்க முடிஞ்சதுன்னு தெரியாது.”

நம்மவர் போனுக்கும் அவருக்கும் சேர்த்து ஒரே தலையாட்டலாக ஆட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை பார்த்தால், பின்கதவில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல்.

3

பட்டறையில் அவர் போட்ட கூச்சலை முழுவதும் எழுதப்போவதில்லை.*

“என் வண்டியை எங்கயோ உரசிட்டு, மூடி மறைச்சுக் குடுத்திருக்கீங்க!”

“நேத்து நீங்களே தடவிப் பாத்தீங்களே சார்…”

“அப்போ நான் பொய் சொல்றேனா?”

காத்திருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி வெளியே வந்தார். “விடுங்க சார், திரும்ப அடிச்சுத் தர்றோம்” என்றவர் பெயிண்டரிடம் சொன்னார்: “இன்னையிலேர்ந்து நீ ஸ்பிரே கன்னைத் தொடாதே. உள்ள போய் உப்புத்தாள் தேய்.”

பதினெட்டு வருடம் அந்தக் கன்னைப் பிடித்தவர், கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

(* கத்தும்போது நம்மவர் தன் பக்கம் நியாயம் இருப்பதாக நிஜமாகவே நம்பினார். அவருக்குச் சாதகமாக என்னால் சொல்ல முடிந்தது இது ஒன்றுதான்.)

4

காரை விட்டுவிட்டு பஸ்ஸில் வீடு வந்தால், கேட் அருகே மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

“ஏங்க, தூண்ல என்ன இது, சிவப்பா?”

கேட் தூணில், காரின் பின்கதவு உயரத்தில், ஒரு முழத்துக்குச் சிவப்பு. முந்தின நாள் போனில் பேசியபடியே வண்டியை உள்ளே திருப்பியது அவருக்கு நினைவு வந்தது. உரசிய சத்தமும் நினைவு வந்தது.

“யாராவது கிறுக்கியிருப்பாங்க.”

மனைவி அவரைப் பார்த்த பார்வையை விவரிக்க எனக்குத் தமிழ் போதவில்லை. அன்று மாலையே நம்மவர் ஒரு சின்ன டப்பா வெள்ளைப் பெயிண்ட் வாங்கி வந்து சிவப்பை மறைத்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்படியும் இரண்டு கோட் அடித்தார்.

[இரண்டாம் வரைவில் பெயிண்டருக்குக் குடிப்பழக்கம் கொடுத்திருந்தேன். நீங்கள் கொஞ்சம் என் பக்கம் சாய்வீர்கள் என்று ஒரு நப்பாசை. அவர் குடிக்க மாட்டார்.]

5

நான்காம் நாள் காரைக் கொண்டுவந்தவர் அந்தப் பெயிண்டரேதான். மன்னிப்புக் கேட்டுவிட்டு வரச்சொல்லி முதலாளி அனுப்பியிருந்தார்.

“மன்னிச்சிருங்க சார். எப்படி ஆச்சுன்னு எனக்கே தெரியல.”

சாவியை நீட்டியவரின் கண் தூணுக்குப் போனது. அழுக்கேறிய தூணில் பளிச்சென்று ஒரு முழம் வெள்ளை. காரின் பின்கதவைப் பார்த்தார். மறுபடி தூணைப் பார்த்தார். பக்கத்தில் போய் உள்ளங்கையால் ஒரு தடவை தடவினார்.

“தூண் முழுக்க அடிச்சிருக்கணும் சார். இப்படி அடிச்சா தெரியும்.”

6

முதல் முடிவில் நம்மவர் அங்கேயே தலைகுனிந்து உண்மையைச் சொல்ல, பெயிண்டர் அவர் தோளைத் தொடுகிறார். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனால்தான் கிழித்துப் போட்டேன்.

இரண்டாவதில் நம்மவர் பட்டறைக்குப் போய், முதலாளி முன்னால், அதே மாதிரி நாலு பேர் முன்னால் — [வாசல் வரைக்கும்தான் எழுத வந்தது.]

நடந்தது இது. “வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிக்கிறீங்களா?” என்று கேட்டார் நம்மவர். கேட்டேன்.

“வேணாம் சார்” என்றார் பெயிண்டர்.

இன்றும் அவர் உப்புத்தாள்தான் தேய்க்கிறார். அந்தப் பக்கம் போகும்போது கண்ணில் படுகிறார். நான் வண்டியை வேகமாக ஓட்டிவிடுகிறேன். இதை எழுதிவிட்டதால் அவரிடம் சொன்னதாக ஆகிவிடாது என்பதும் தெரியும். பட்டறை காலை ஒன்பது மணிக்குத் திறக்கும். மீதியை நீங்கள் எழுதுங்கள். என்னிடம் விட்டால் மறுபடி இரண்டு கோட் அடித்துவிடுவேன். முதல் வரி மட்டும் தருகிறேன்:

“அண்ணே, அந்தக் கீறல் —”