மீன்தொட்டிக்குக் கிணற்றுத் தண்ணீர்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய்யை எழுதியவன் நான். 1974இல், மாமல்லபுரம் கடற்கரை விடுதி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தபோது. இத்தனை வருடம் கழித்து அதையே கதையாக்கி நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறேன். வெட்கம்தான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘அலைகள் பொன்னிறமாக…’ (அடித்துவிட்டேன். அலைக்கும் நான் செய்ததற்கும் சம்பந்தமில்லை.)

விடுதியின் முன்கூடத்தில் பெரிய கண்ணாடித் தொட்டி இருந்தது. கடல் தண்ணீர், உயிருள்ள பவளம், ஏழு வண்ண மீன்கள். அதைப் பார்த்துக்கொண்டவர் ஏசுபாதம். அதற்கு முன் செய்யூர்ப் பக்கம் உப்பளத்தில் கூலி. தினமும் காலையில் தொட்டித் தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். கரிப்பு ஏறியிருந்தால் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவார்.

“கடல் மீனுக்குக் கெணத்துத் தண்ணியா?” என்று கேட்டேன்.

“தண்ணிதான் சார் ஆவியா பூடுது. உப்பு எங்க பூடும்? அங்கியேதான் கீது. அதும்மேல கடத்தண்ணியே ஊத்திகினு இருந்தா, இது உப்பளமா ஆயிடும்.”

3

ஏசுபாதம் தண்ணீரை நாக்கில் வைப்பதை மேனேஜர் பக்தவத்சலம் ஒருநாள் பார்த்துவிட்டார்.

“தொட்டிய எச்ச பண்றியாடா?”

(இவரைக் கொஞ்சம் நல்லவராகக் காட்ட முயன்றேன். வரவில்லை. விருந்தாளிகள் தொட்டிக்குள் கைவிட்டு அளைந்தபோது சிரித்தவர். சேரியிலிருந்து வந்த நாக்குதான் அவருக்கு ஆகவில்லை.)

எச்சில் என்று காகிதத்தில் எழுத முடியாது. அதனால் மேனேஜர் சொன்னபடி, ‘மீன்களைக் கொல்லும் எண்ணத்துடன் கிணற்றுத் தண்ணீர் ஊற்றியதைக் கண்ணால் கண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.* ஏசுபாதத்தின் வேலை போயிற்று.

பிறகு கடல் தண்ணீரையே ஊற்றினார்கள். சித்திரை வெயில். மாதம் முடிவதற்குள் பவளம் வெளுத்தது, ஏழு மீனும் செத்தன. “அவன் ஊத்திட்டுப் போன தண்ணியோட வேலை” என்றார் மேனேஜர். அதையும் எழுதினேன்.

* தெரியாமல் எழுதினேன் என்று சொல்ல வழியில்லை. நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி.

4

ஒரு முடிவு: மேனேஜர் மனம் திருந்தி… (கிழித்தாயிற்று.)

இன்னொன்று: நான் வேலையை உதறிவிட்டு… (எங்கே உதறினேன்? ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.)

நடந்தது இது. ஒரு மத்தியானம் ஏசுபாதம் என் மேசை முன் வந்து நின்றார்.

“மெட்ராஸ்ல ஒரு வூட்ல மீன்தொட்டி பாக்க ஆள் வேணுமாம் சார். மீனைக் கொன்னவன்னு கேள்விப்பட்டு யோசிக்கிறாங்க. கண்ணால பாத்தத ரெண்டு வரி எழுதிக் குடு சார். எம் பொண்டாட்டி மார்கரெட்டு முழுகாம இருக்கிறப்பவே கல்லு செமக்கப் போய்கினு கீது.”

பக்கத்து அறையில் மேனேஜர் இருமினார். நான்

இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. நீங்கள் எழுதுங்கள். எதிரே ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. அவரை உட்காரச் சொல்வதிலிருந்து தொடங்கலாம். நான் அதைக்கூடச் செய்யவில்லை.