ஜூடித்தின் கையிலிருந்த மண்டையோடு

சர் ஹம்ஃப்ரி வேக்லியின் மூக்கில் வௌவால் எச்சம் விழுவது வாரந்தோறும் நடக்கிற காரியம். நானூறு வருடமாகத் தன் கல்லறைமேல் பளிங்குச் சிலையாக மல்லாந்து கிடக்கிற மனிதருக்கு முகத்தைத் துடைத்துக்கொள்ள வழியில்லை. கைகள் இரண்டும் மார்பின்மேல் கூப்பியபடி இருக்கின்றன. வௌவால்களை விரட்டலாமென்றால் இங்கிலாந்துச் சட்டம் விடாது. ஆகவே வியாழன்தோறும் காலை பத்து மணிக்கு ஏவிஸ் பென்ஃபோல்ட் ஒரு மெல்லிய தூரிகையோடு வந்து அவர் மூக்கைச் சுத்தம் செய்துவிட்டுப் போவாள். நெதர்வெல் தேவாலயத்தில் இந்த வேலைக்கு அவளோடு இதுவரை யாரும் போட்டிக்கு வந்ததில்லை.

ஏவிஸுக்கு அறுபத்தெட்டு வயது. முப்பது வருடம் ஊர்த் தபால் அலுவலகத்தில் கவுண்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவள். யார் யாருக்கு எழுதுகிறார்கள், யார் யாருக்குப் பதில் போடுவதில்லை என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. ஆனால் வாயைத் திறக்க மாட்டாள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குறுகுறுப்பு போகவில்லை. பெயர் எழுதிய எதைக் கண்டாலும் நின்று வாசிப்பாள்.

இன்று அவள் கோட்டுப் பையில் நாலாக மடித்த ஒரு படிவம் இருந்தது. போன அக்டோபரில் இறந்த கணவர் க்ளிஃபர்டின் கல்லறைக் கல்லில் என்ன பொறிக்க வேண்டும் என்பதற்கான விண்ணப்பம். அடக்கம் முடிந்து ஆறு மாதம் கழித்துத்தான் கல் வைக்கலாம் என்பது திருச்சபை விதி. இப்போது மே மாதம். பன்னிரண்டு மணிக்கு ஆயர் பிலிப்பா வருவார். கையெழுத்திட்டு அவரிடம் கொடுத்தாக வேண்டும். வாசகத்துக்கான கட்டத்தில் ஏவிஸ் பென்சிலால் எழுதியிருந்தாள்: ‘க்ளிஃபர்ட் பென்ஃபோல்ட். ஏவிஸின் அன்புக் கணவர். நைஜலின் தந்தை.’

அதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் நைஜலின் தந்தைதான். நைஜலுக்கு மூத்தவளாக ஹேசல் என்று ஒருத்தி பிறந்ததையும், அவளுக்கும் அவரே தந்தை என்பதையும் கல் சொல்லாது, அவ்வளவுதான்.

பத்தொன்பது வருடத்துக்கு முன், கல்யாணமான நாலாம் மாதம், ஹேசல் தன் கணவனை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்து இசை ஆசிரியை இமோஜனோடு பிரிஸ்டலுக்குப் போய்விட்டாள். அந்தக் கணவன் க்ளிஃபர்டின் உயிர் நண்பருடைய மகன். அன்றோடு ஹேசலின் பெயரைச் சொல்வதே வீட்டில் நின்றுபோயிற்று. க்ளிஃபர்ட் கெட்டவர் இல்லை. பிடித்த பிடியை விடத் தெரியாதவர். ஒவ்வொரு டிசம்பரிலும் ஹேசலிடமிருந்து ஒரு கிறிஸ்துமஸ் அட்டை வரும், வீட்டுக்கு அல்ல, தபால் அலுவலக முகவரிக்கு. ஓய்வு பெற்ற பிறகும் அவள் அங்கேயே போய் வாங்கி வருவாள். உள்ளே ஒரு வரியும் போன் நம்பரும் இருக்கும். ஏவிஸ் அவற்றைத் தையல் மெஷின் இழுப்பறையில் போட்டு வைத்தாள். ஒருநாளும் அந்த நம்பரை அழைத்ததில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் க்ளிஃபர்ட் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “கல்லுல நைஜல் பேரு மட்டும் போடு. சத்தியம் பண்ணு” என்றார். அவள் தலையாட்டினாள். அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் ஹேசல் நிற்பதைப் பார்த்தாள். வந்தவர்களுக்கெல்லாம் கை கொடுத்துவிட்டுத் திரும்பியபோது அங்கே யாரும் இல்லை. இரண்டு பேரைத் தள்ளிவிட்டு முன்னால் போயிருக்கலாம். போகவில்லை.

மூக்கு முடிந்தது. அடுத்து பிள்ளைகள். சர் ஹம்ஃப்ரியும் அவர் மனைவி லேடி அர்சுலாவும் மேலே படுத்திருக்க, கீழே கல்லறையின் பக்கவாட்டில் அவர்களுடைய எட்டுப் பிள்ளைகளும் ஒன்றரைச் சாண் உயரத்தில் வரிசையாக முழந்தாளிட்டிருந்தார்கள். பெற்றவர்களுக்கு முன்னால் செத்துப்போன பிள்ளையின் கையில் ஒரு மண்டையோட்டைச் செதுக்கி வைப்பது அந்தக் காலத்து வழக்கம். ராஃப் என்ற பையன் கையில் ஒன்று. துணியில் சுற்றிய கைக்குழந்தையின் தலைமாட்டில் ஒன்று. மூத்தவள் ஜூடித் கையில் ஒன்று. ஏவிஸ் ஜூடித்தின் மண்டையோட்டைத் தூரிகையால் தட்டினாள். அது ஆடியது. இன்னொரு முறை தட்டியதும் கழன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது.

முதல் வேலையாக அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். கதவருகே டெஸ்மண்ட் தோர்ப் தன் கையேடுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். தேவாலய நிர்வாகி, ஓய்வு பெற்ற சர்வேயர், இங்கே வருகிறவர்களுக்காக எட்டுப் பக்கத்தில் ஒரு சரித்திரம் எழுதியவன். அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன் என்பதால் அந்தச் சரித்திரத்துக்கு அவளிடம் பெரிய மரியாதை கிடையாது.

“டெஸ்மண்ட், கொஞ்சம் இங்க வா. கத்தாதே.”

“நான் எதுக்குக் கத்தப் போறேன்?” என்று வந்தவன் அவள் கையைப் பார்த்தான். “என்ன பண்ணித் தொலைச்சே?”

“தூசிதான் தட்டினேன். கழண்டு வந்துருச்சு.”

“நானூறு வருஷமா கழலாதது உன் கைக்குத்தான் கழலணுமா? இங்க ஒரு ஆணி அடிக்கவே மூணு கமிட்டி கேள்வி கேக்கும். இப்ப யாரு மேலிடத்துக்கு எழுதறது?”

“நீதான். அப்புறமா எழுது. முதல்ல அவ கையைப் பாரு.”

டெஸ்மண்ட் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகியபடி குனிந்தான். மண்டையோடு இருந்த இடத்தில் இரண்டு சின்னக் கைகள் கூப்பியபடி இருந்தன. ஒவ்வொரு விரலும் தனித்தனியாக, நகத்தோடு, மணிக்கட்டில் சட்டையின் மடிப்போடு செதுக்கப்பட்டிருந்தது. தூசி படாததால் மற்றப் பிள்ளைகளுடையதைவிட வெளுப்பாக இருந்தது. ஏவிஸ் மண்டையோட்டைத் திருப்பினாள். பின்புறம் குடைந்திருந்தது, விரல்களின்மேல் மூடி மாதிரி கவிழ்த்துச் சுண்ணாம்பு வைத்து ஒட்டியிருக்கிறார்கள். தம்பி ராஃபுடையதைத் தொட்டுப் பார்த்தாள். அது கையோடு சேர்த்து ஒரே கல்லில் வடித்தது. மண்டையோட்டுக்குப் பின்னால் விரல் என்று ஒன்றும் இல்லை, வெறும் கட்டிதான்.

“யாரும் பாக்க முடியாத விரலை யாராவது உக்காந்து நகத்தோட செதுக்குவாங்களா?”

“சிற்பிக்குப் பொழுது போகலையோ என்னமோ.”

“இதைப் பாரு. மோதிரம்.” இடக்கை விரலில் நூல் கனத்துக்கு ஒரு வளையம் ஓடியது. “உன் புத்தகத்துல ஜூடித் எப்படிச் செத்தா?”

டெஸ்மண்டுக்கு அது மனப்பாடம். “‘கன்னிப் பருவத்திலேயே கொள்ளைநோய்க்கு இரையானாள்.’”

“யாரு சொன்னா?”

“மண்டையோடு இருக்குல்ல? அந்தக் காலத்துல வேற எதுல சாவாங்க?”

“அப்போ நீயே கொன்னுட்டே.”

“புத்தகத்துல ஒரு வரி காலியா இருந்துச்சு, ஏவிஸ்” என்றான் டெஸ்மண்ட். சொன்ன பிறகு அவனுக்கே வெட்கமாக இருந்திருக்க வேண்டும். கெட்டிலில் தண்ணீர் வைக்கப் போய்விட்டான்.

ஆயர் உடை மாற்றும் அறையின் அலமாரியில் பழைய பதிவேட்டின் தட்டச்சுப் பிரதி ஒன்று இருந்தது. யாரோ ஒரு பள்ளி ஆசிரியர் இரண்டு குளிர்காலத்தைச் செலவழித்து அடித்து வைத்தது. அவர் உழைப்புக்கு அதுவரை டீக் கறைதான் பரிசாகக் கிடைத்திருந்தது. பிஸ்கட் டப்பாவைக் காலி செய்து, கைக்குட்டையை விரித்து, மண்டையோட்டை அதில் வைத்துவிட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். டெஸ்மண்ட் அடக்கப் பதிவுகளில் தேடினான். ராஃப் இருந்தான், கைக்குழந்தை இருந்தது, ஜூடித் வேக்லி இல்லை. ஏவிஸ் மோதிரத்தை நம்பித் திருமணப் பதிவுகளைப் புரட்டினாள்.

“கிடைச்சுட்டா. 1610, ஜூன். டோபியாஸ் மெரிக், மில்காரர். ஜூடித் வேக்லி.”

“சர் ஹம்ஃப்ரியோட மூத்த பொண்ணு மாவு மில்காரனையா கட்டினா?” டெஸ்மண்ட் பிஸ்கட்டைக் கீழே வைத்தான். “பெரியவர் வெடிச்சிருப்பாரே.”

“அடுத்த வருஷமே போய்ச் சேந்துட்டாரு. 1611, மார்ச்சு” என்றாள் ஏவிஸ், அடக்கப் பதிவுகளை எட்டிப் பார்த்து.

ஞானஸ்நானப் பதிவுகளில் ஏவிஸ் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனாள். 1614: டோபியாஸ், ஜூடித் மெரிக் ஆகியோரின் மகள். பெயர் அர்சுலா. அவள் அந்த வரியை இரண்டு முறை வாசித்தாள். பெண் தன் முதல் குழந்தைக்குத் தாயின் பெயரை வைத்திருக்கிறாள். பிறகு ஒரு பையன், இன்னொரு பெண். கடைசியாக அடக்கப் பதிவில், கணவன் வீட்டுப் பெயரோடு, 1641: மில்காரர் விதவை ஜூடித் மெரிக் அடக்கம்.

“கல்லறையில என்ன வருஷம் போட்டிருக்கு?” என்று கேட்டாள்.

“1613.”

“அப்போ அதுக்கப்புறம் இருபத்தெட்டு வருஷம் உயிரோட இருந்திருக்கா. இதே ஊர்ல. ஓடைக்கரை மில்லுல.”

“ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு வரலேன்னா அபராதம் போடுவாங்க, அந்தக் காலத்துல” என்றான் டெஸ்மண்ட், மெதுவாக.

அவன் மேலே சொல்லத் தேவையில்லை. இருபத்தெட்டு வருடம், வாரம் தவறாமல், மாவு படிந்த கைகளைக் கழுவிவிட்டு வந்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து, தான் செத்துப்போனதாகச் சொல்லும் கல்லை அவள் பார்த்திருக்கிறாள். ஏவிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து போய் சர் ஹம்ஃப்ரியின் தலைமாட்டில் நின்றாள்.

“வெக்கமா இல்ல உனக்கு? பெத்த பொண்ணைக் கல்லுல கொன்னுட்டு, கையைக் கூப்பிக்கிட்டுப் படுத்திருக்கியே. அடுத்த வாரம் உன் மூக்கை நான் தொடைக்கப் போறதில்ல.”

“அவரைத் திட்டாதே” என்றான் பின்னால் வந்த டெஸ்மண்ட். “அவரு செத்து ரெண்டு வருஷம் கழிச்சில்ல இந்தக் கல்லு வந்துச்சு?”

ஏவிஸ் திரும்பினாள். உண்மைதான். செத்தவர் சிற்பியை வரவழைக்க முடியாது.

“அப்போ யாரு?”

கல்லறையின் அடிப்பாகத்தை ஒட்டி, முழந்தாளிடப் போடும் மெத்தைகளை ஆளுயரத்துக்குக் குவித்து வைத்திருந்தார்கள். அவை எந்தக் காலத்தில் அங்கே வந்தன என்று இருவருக்குமே நினைவில்லை. டெஸ்மண்ட் சரித்திரம் எழுதும்போதும் அதை நகர்த்திப் பார்க்கவில்லை. இப்போது இருவரும் தும்மிக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார்கள். அடியில் ஒரு வரி இருந்தது. ஏவிஸ் தரையில் உட்கார்ந்து, தூரிகையால் தள்ளித் தள்ளி வாசித்தாள்.

‘தன் தலைவரின் விருப்பம் அனைத்துக்கும் கீழ்ப்படிந்து, அவர் மனைவி அர்சுலா இதை எழுப்பினாள்.’

டெஸ்மண்டுக்கு ஹேசலைத் தெரியும். அவள் ஞானஸ்நானத்துக்கு வந்து கேக் தின்றவன். அவன் மெத்தைகளை அடுக்குவதில் திடீரென்று மும்முரமானான்.

ஏவிஸ் எழுந்து முன்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்தாள். சாகும்போது சர் ஹம்ஃப்ரி சொல்லியிருப்பார், அர்சுலா தலையாட்டியிருப்பாள். பிறகு சிற்பியைத் தனியாகக் கூப்பிட்டு, என் மகளுக்கு முதலில் கையைச் செதுக்கு, மோதிரத்தோடு செதுக்கு, அப்புறம் மூடு என்று சொல்லியிருப்பாள். யாராவது ஒருநாள் எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தாளோ, தானே எடுக்கலாம் என்று நினைத்தாளோ தெரியாது. பதிவேட்டின்படி 1629 வரை இருந்திருக்கிறாள். பதினாறு வருடம் மகளோடும், தன் பெயர் கொண்ட பேத்தியோடும் இதே கூரையின்கீழ் உட்கார்ந்தவள், கையை நீட்டி அதைக் கழற்றவில்லை. கழற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று ஏவிஸுக்குத் தெரியும். தூரிகையால் இரண்டு தட்டு.

இவ்வளவு நாளும் க்ளிஃபர்ட்தான் ஹேசலின் பெயரை அழித்தார் என்று அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். அவர் மண்ணுக்கு அடியில் கிடக்கிறார். பென்சில் தன் கையில் இருக்கிறது.

“நைஜல் குதிப்பான்” என்றாள், யாரிடமென்று இல்லாமல்.

“சின்னப் புள்ளையிலயும் குதிப்பான். அப்புறம் தானா நிப்பான்” என்றான் டெஸ்மண்ட். “இந்தா பாரு, அந்த டப்பாவை என்ன பண்றது? திரும்ப ஒட்டணும்னா அனுமதி வேணும்.”

“அனுமதி வர எவ்வளவு நாள் ஆகும்?”

“நான் எழுதி, அவங்க கூட்டம் போட்டு... ஒரு வருஷம்.”

“நிதானமா எழுது” என்றாள் ஏவிஸ்.

பன்னிரண்டு அடித்தபோது ஆயர் பிலிப்பா சைக்கிள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே வந்தார். இந்த ஊருக்கு வந்து மூன்று வருடம் ஆனவர். ஏவிஸின் வீட்டில் எத்தனையோ முறை டீ குடித்தவர், க்ளிஃபர்டின் படுக்கையருகே உட்கார்ந்து ஜெபித்தவர். ஏவிஸ் கொடுத்த படிவத்தை விரித்துப் படித்தார். பென்சில் வரி அழிக்கப்பட்டு, அதன்மேல் பேனாவால் அழுத்தி எழுதியிருந்தது. அவர் நெற்றியைச் சுருக்கினார்.

“‘ஹேசல், நைஜல் இருவரின் தந்தை.’ ஹேசல் யாருங்க? உங்களுக்கு ஒரே பையன்னுல்ல நினைச்சுட்டிருந்தேன்?”

மூன்று வருடம் டீ குடித்த ஆளுக்கே தெரியவில்லை. இதைவிட நன்றாக எந்தச் சிற்பியும் மூடியிருக்க முடியாது.

“மூத்தவ. பிரிஸ்டல்ல இருக்கா. நல்லா இருக்கான்னு நினைக்கிறேன்.”

“அப்போ கல்லு வைக்கற அன்னைக்கு வருவாங்க, இல்ல?”

“இன்னும் கேக்கல” என்றாள் ஏவிஸ். பிறகு டெஸ்மண்டைப் பார்த்துக் கையை நீட்டினாள். “உன் போனைக் கொடு. என்னோடது வீட்டுல கிடக்கு.”

நம்பரை யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பத்தொன்பது அட்டைகளில் படித்தது. அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு, கூப்பிய கைகளோடு இருந்த ஜூடித்தின் பக்கத்தில் போய் நின்றாள். நாலு முறை மணி அடித்தது.

“ஹலோ, யாரு பேசறது?” என்றது அங்கே ஒரு குரல், அந்தக் குரலுக்கு வயதாகியிருந்தது.

“அம்மா பேசறேன்” என்றாள் ஏவிஸ்.