மூன்றாவது கூப்பாடு

1

“பனி எங்கனலே பெய்யுது? கோர்ட்டுக்குள்ளயா?”

“வெளியிலக்கா. குமாஸ்தா கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டு நடக்கிறாரு.”

“எங்க ஹெட்கிளார்க்குக்குக் கோட்டே கிடையாது. வேர்வை காகிதத்தில சொட்டாம இருக்க மணிக்கட்டில துண்டைச் சுத்திக்கிட்டு எழுதுறாரு. பனியாம் பனி!”

நான் எழுத ஆரம்பித்த கதையைப் படித்துவிட்டுக் கேட்டவள் அக்கா இராமலட்சுமி, முன்சீப் கோர்ட்டில் டைப்பிஸ்ட். நான் நூலகத்திலிருந்து மொழிபெயர்ப்பு நாவல்களாக அள்ளிவந்து படிப்பவன். சர்க்காரில் பணமுடை, கடைநிலை ஊழியர் ஒருவரைக் குறைக்கவும் என்று மெட்ராஸிலிருந்து தாக்கீது வந்திருப்பதாக அக்கா சாப்பிடும்போது சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு ரசம் கேட்டாள். மீதியெல்லாம் என் கற்பனை.

(எந்த ஊர்க் கோர்ட் என்று கேட்காதீர்கள். ஜன்னல் வழியாகக் கருவாட்டு வாசம் வரும் ஊர். அக்காவின் வேலையும் எனக்கு முக்கியம்.)

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: “அந்த மங்கலான காலைப்பொழுதில், ஹெட்கிளார்க் பொன்னுச்சாமி தன் ஆன்மாவின் ஆழத்தில்…”

வேண்டாம். பொன்னுச்சாமிக்கு ஆன்மா உண்டு. ஆபீஸ் நேரத்தில் வெளியே எடுக்கமாட்டார்.

அடுத்தது: “நீதிபதி தொண்டையைச் செருமினார். உடனே…”

நீதிபதி வந்தால் கதை அவர் பின்னாலேயே போய்விடும். அவரை நீக்கிவிட்டேன். ஒரு குறையும் தெரியவில்லை. தாக்கீது எழுதியவர்கள் இதை யோசித்திருக்கலாம்.

மூன்றாவது: “பொன்னுச்சாமி ஒருவரை வேலையிலிருந்து அனுப்ப வேண்டும். இருப்பவர்கள் இரண்டு பேர்.” இது இருக்கட்டும்.

3

ஒருவர் ஹமீது சுல்தான், டவாலி. வராந்தாவில் நின்று வழக்காளிகளை மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மூன்றாவதுக்கும் வராதவர் வழக்கில் தோற்றார். பாம்பன்காரர், காற்றை எதிர்த்துப் படகுக்குப் படகு கூப்பிட்டுப் பழகிய தொண்டை. சொந்தப் படகு புயலில் உடைந்த பிறகு இங்கே வந்தார். இந்த வேலை போனால் இன்னொருவர் படகில் கூலிக்கு ஏற வேண்டும்.

மற்றவர் சாத்தையா. நீதிபதியின் தலைக்கு மேல் தொங்கும் பங்காவைக் கயிற்றால் இழுத்துக் காற்று வரவழைப்பவர். (நீதிபதியைத்தான் நீக்கியாயிற்றே? நாற்காலி மட்டும் இருக்கட்டும்.) ஊரில் கண்மாய் வறண்டு வயல் வெடித்துக் கிடக்கிறது. அவருக்கும் திரும்பிப் போக இடமில்லை.

கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போவது வழக்கம். இவர்களோ ஒரே நாளில் சேர்ந்தவர்கள். அப்படிச் சேர்த்துவைத்தவன் நான். எழுதுகிறவனுக்கு இந்த அளவு கொடுமைக்கு அனுமதி உண்டு.

4

யார் மிஞ்சினாலும் இரண்டு வேலையையும் ஒருவரே பார்க்க வேண்டும். பொன்னுச்சாமி ஒத்திகை பார்த்தார். ஹமீது சுல்தான் காலில் கயிற்றைக் கட்டிக்கொண்டு பெயர் கூப்பிட்டார். மூச்சு இழுத்தபோது பங்கா நின்றது, கத்தியபோது துள்ளியது, மேசைமேல் இருந்த வழக்கெல்லாம் பறந்தன. சாத்தையா கூப்பிட்டதோ, கையிலிருந்த கயிற்றுக்கே கேட்கவில்லை.

“ஆக, ரெண்டு பேருமே லாயக்கில்ல,” என்றார் பொன்னுச்சாமி. “சரி, கோர்ட்டு வழக்கப்படியே போவோம். தினம் காலையில உங்களையும் மூணு தடவை கூப்பிடணும். மூணாவதுக்கும் வராதவன் வேலை போச்சு.”

“ரெண்டு பேரும் வந்துட்டா?” என்றார் சாத்தையா.

“வாய்தா!”

“எம்புட்டு நாளைக்குங்கய்யா?”

“ஏப்பா, இங்கன ஒரு வேலித் தகராறு என் மீசை கறுப்பா இருந்தப்ப வந்தது. இன்னும் நடக்குது.”

மறுநாளிலிருந்து ஹமீது சுல்தான் தன் பெயரைத் தானே மூன்று தடவை கூப்பிட்டு, “வந்துட்டேன்!” என்று தானே பதிலும் சொன்னார்.

“ஒங்க பேரைக் கூப்பிடுறப்ப மட்டும் குரல்ல சீனி கொட்டுதே மாமா,” என்பார் சாத்தையா.

“ஒன் பேர்ல என்னடா மாப்ளே இருக்கு, சீனி போட?”

மெட்ராஸுக்கு “விசாரணை ஒத்திவைப்பு” என்று பதில் போய்க்கொண்டே இருந்தது.

“இதெல்லாம் நடக்காதுலே,” என்றாள் அக்கா.

“நடக்காதுன்னுதான எழுதுறேன்.”

“மெட்ராஸ்காரன் எம்புட்டு நாள் பாத்துக்கிட்டிருப்பான்?”

அது நியாயமான கேள்வி.

5

இன்றே கடைசி, இனி வாய்தா கிடையாது என்று தந்தி வந்தது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஹமீது சுல்தானின் மனைவி நூர் நிஷா கேட்டாள்: “சோத்துப் பானையைக் கவுத்து வைக்கவா, நிமித்தி வைக்கவா? போறப்பவே சொல்லிட்டுப் போங்க.”

அவர் பானையைப் படுக்கவாட்டில் சாய்த்து வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

கோர்ட் கூடியது. ஹமீது சுல்தான் தன் பெயரைக் கூப்பிட்டு, வந்துவிட்டதாகச் சொன்னார். இன்று குரலில் சீனி இல்லை. அடுத்து சாத்தையா. பங்கா அசையாமல் தொங்கியது. கயிறு மட்டும் இருந்தது.

வராந்தாவிலிருந்து அவருக்கு ஆள் தெரிந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம், உறுமிக்கொண்டு நிற்கும் பரமக்குடி பஸ்ஸுக்கும் அப்பால், டீக்கடையில், முதுகைக் காட்டிக்கொண்டு. கையில் இரண்டு கிளாஸ். அதில் ஒன்று யாருக்கு என்று ஹமீது சுல்தானுக்குத் தெரியும்.

“சாத்தையா!”

பஸ் சத்தத்தில் போய்விட்டது.

“சாத்தையா!”

இரண்டாவது தடவை அவர் முழுத் தொண்டையையும் திறந்தாரா, பாதியை விழுங்கினாரா? பக்கத்தில் இருந்தும் எனக்குப் பிடிபடவில்லை.

மூன்றாவதை மெல்லக் கூப்பிடலாம். எவ்வளவு சத்தம் வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லையாம், அக்காவிடம் கேட்டேன். நான் படித்த நாவல்களில் இப்படிச் செய்தவன் காலமெல்லாம் தூக்கமில்லாமல் அறைக்குள் நடப்பான். ஹமீது சுல்தான் படுத்தால் தூங்கிவிடுகிற ஆள்.

ஓங்கியும் கூப்பிடலாம். எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு சாத்தையா உண்டு. பஸ்ஸிலிருக்கும் சாத்தையாக்கள் எல்லோரும் “என்னய்யா, என்னய்யா” என்று இறங்கி ஓடிவர, நடுவில் டீ சிந்தாமல் நம் சாத்தையாவும் வருவார். எனக்குப் பிடித்த முடிவு இதுதான். ஆனால் வாய்தா கிடையாது. பொன்னுச்சாமி பேனாவை எடுத்துத்தான் ஆக வேண்டும். அவர் எழுதப்போவது எந்தப் பெயர் என்று…

6

“என்னலே, கூப்பிட்டாரா இல்லையா?” அக்கா கோர்ட்டுக்குக் கிளம்பி வாசலில் நிற்கிறாள்.

“தெரியலக்கா.”

“நீதானலே எழுதுற!”

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். டீக்கடையில் சாத்தையா இன்னும் திரும்பவில்லை. ஹமீது சுல்தான் பொன்னுச்சாமியைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி, உங்களைப் பார்க்கிறார்.

“ரெண்டு தடவை நான் கூப்பிட்டுட்டேங்க. மூணாவதுக்கு என் தொண்டையை நானே நம்பலை. நீங்கதான் இம்புட்டு நேரம் எல்லாத்தையும் பாத்துக்கிட்டிருந்தீக. இந்த ஒரு தடவை மட்டும் நீங்க கூப்பிடுங்களேன். உங்களுக்கு எம்புட்டுச் சத்தம் வருதோ, அம்புட்டு.”