ஒரு மரமும் வெட்டாத கல்யாணம்

என் மருமகன் நல்ல பிள்ளை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கொஞ்ச நேரத்தில் அவனைத் திட்டப் போகிறேன். நேரில் 'வாங்க மாப்ள, உக்காருங்க மாப்ள' என்று மரியாதைக்குக் குறைவில்லை. மனசுக்குள் 'அவன்'தான். பெற்ற பிள்ளை மாதிரி ஆகிவிட்டவனை வேறு எப்படிச் சொல்வது?

பெயர் ஆன்டோ. சிதம்பரத்தில் வீடு. பிச்சாவரம் பக்கம் உப்பங்கழி ஓரங்களில் அலையாத்திக் கன்று நடுகிற ஒரு அமைப்பில் வேலை. அவனுடைய பாதிப் போட்டோக்களில் முழங்கால் வரை சேறுதான் தெரியும். கூடப் படித்த என் மகள் பெலிசியா அந்தச் சேற்றைப் பார்த்துத்தான் மயங்கினாளாம். யார் எதில் விழுவார்கள் என்று யார் கண்டது.

இரண்டு வீட்டிலும் சம்மதித்து, செம்மண்டலத்தில் எங்கள் வீட்டில் வைத்தே நிச்சயம் முடித்தோம். மாதா கோவிலில் முதல் ஓலையும் வாசித்தாயிற்று. எங்கள் வேதத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரை வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சாமியார் கேட்பார். யாரும் வாய் திறக்கவில்லை. தடை எங்கள் வீட்டிலேயே கிளம்பும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

பத்திரிகை அடிக்க வேண்டாம் என்று ஆன்டோ சொன்னபோது எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மாதா படம் போட்டது, பிள்ளையார் படம் போட்டது என்று ஊரார் கொடுத்த பழைய பத்திரிகைகள் எங்கள் அலமாரியில் ஒரு தட்டை அடைத்துக் கிடக்கின்றன. சாமி படத்தைக் குப்பையில் போட எனக்கும் மனசு வராது, வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றும் தெரியாது. நெருங்கின சொந்தத்தை நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது, மற்றவர்களுக்குப் போனில் அனுப்புவது என்று முடிவானது.

முதல் ஓலை வாசித்த மறுநாள் போனில் அழைப்பு வந்தது. பச்சை இலை, வெள்ளைப் பூ, நடுவில் பிள்ளைகள் பெயர். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கீழே மட்டும் கொட்டை எழுத்தில் ஒரு வரி: 'இந்தத் திருமணத்துக்காக ஒரு மரமும் வெட்டப்படவில்லை.'

இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு தரம் படித்தார்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர், சகாயநாதன். செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஷிப்ட் முடிந்து வருகிற சட்டையில் எந்த சோப்புக்கும் போகாத ஒரு நெடி இருக்கும். வீடு வடக்கே இருக்க, வேலை முடிந்ததும் மனுஷன் வண்டியைத் தெற்கே விடுவார். ஆலப்பாக்கம் பக்கம் எங்களுக்கு ஒரு சவுக்குத் தோப்பு இருக்கிறது. அங்கே போய்ச் சும்மா நிற்பார். கடல் காற்றுக்குச் சவுக்கு உஸ்ஸென்று சத்தம் போடும். அதைக் கேட்டுவிட்டு வருவார். அங்கே என்னங்க வேலை என்று கேட்டால், "மூச்சு வுட்டுட்டு வரேன்" என்பார். என்னைக் கூட்டிப் போனதில்லை, நானும் கேட்டதில்லை.

அந்தச் சவுக்கு நாலு வருஷத்துக்கு ஒரு முறை பேப்பர் மில்லுக்குப் போகும். வெட்டுவார், நடுவார். அப்படி வெட்டி வெட்டித்தான் பெலிசியா படித்தாள். இந்த முறை வெட்டு அவள் கல்யாணத்துக்கு. பந்தல், சாப்பாடு, புடவை எல்லாம் அந்த மரத்தை நம்பித்தான். ஆளும் லாரியும்கூடப் பேசியாயிற்று.

"ராணி, இது எல்லாருக்கும் போயிடுச்சா?" என்று கேட்டார்.

"ஊரு பூரா போயிடுச்சிங்க."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, சோறு போட்டு, சரிக்கட்டியிருப்பேன். பேசாமல் போனை எடுத்து, மரம் வாங்குகிற புரோக்கர் சேரனுக்குப் போட்டார்.

"சேரா, மரம் வெட்ட வேணாம்பா. ஆளுக்குச் சொல்லிடு."

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பொண்ணு கல்யாணம் பொய்யில ஆரம்பிக்கக் கூடாது ராணி. ஒரு மரமும் வெட்டலன்னு எழுதியாச்சு. வெட்டல, அவ்ளோதான்."

"அப்ப செலவுக்கு என்னா பண்றது?"

"நெலத்தையே குடுத்துடலாம். பிளாட் போடுறவன் ரொம்ப நாளா கேக்குறான். அதுக்கப்புறம் மரத்த அவன் என்னா பண்ணா நமக்கென்னா?" பிறகு மெதுவாகச் சொன்னார். "நம்மள காட்ட அழிக்கிறவன்னு மாப்ள நெனக்கிறாரு. படிச்சவரு. அது நெசமாவும் இருக்கலாம்."

அவருக்கு அவமானமாகிவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் கோபத்தைப் பார்த்திருக்கிறேன், அழுகையைக்கூடப் பார்த்திருக்கிறேன். இதைப் பார்த்ததில்லை.

"ஆன்டோவுக்குத் தெரியாதும்மா" என்று பெலிசியா அழுதாள். தெரியாமல் மிதித்தாலும் கால் கால்தான் என்று சொல்லிவிட்டு, நானே அவனுக்குப் போன் போட்டேன். "மாப்ள, நாளைக்கு வூட்டுக்கு வர வேணாம். ஆலப்பாக்கத்துல பஸ் எறங்கி தோப்புக்கு வாங்க. நானும் வரேன்."

நான் போய்ச் சேர்ந்தபோது பிளாட்டுக்காரன் ஆள் அளந்துவிட்டுப் போயிருந்தான். மூலைக்கு மூலை முளைக்குச்சி, அதில் சிவப்புத் துணி. ஆன்டோ அந்தத் துணியைப் பார்த்தபடி நின்றிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் செத்துவிட்டது.

"சவுக்குன்னா கட்டடத்துக்கு முட்டுக் குடுக்கதான்னு நெனச்சேன் அத்தை. பேப்பருக்கா போவுது?"

"பேப்பருக்குதான். பெலிசியா படிச்சது இதுல. ஒங்க கையில போடப் போற மோதிரமும் இதுலதான். எழுதுறதுக்கு முன்னால ஒரு வார்த்த கேக்க வேணாமா மாப்ள? வாய்க்குள்ள என்னா, அலையாத்தியா நட்டு வச்சிருந்தீங்க?"

அவன் தலை குனிந்தான். எனக்கும் பாவமாகப் போயிற்று.

"சரி, சொல்லுங்க. பேப்பரக் கொறச்சா காடு பொழைக்குமா, பொழைக்காதா?"

அவன் மேலே அண்ணாந்து மரங்களைப் பார்த்தான். "எங்கயோ தூரத்துல நெசமான காட்ட அழிச்சி பேப்பர் பண்றவனும் இருக்கான் அத்தை. அங்க பொழைக்கும். இங்க பேப்பருக்கு ஆள் இல்லன்னா மரமே இருக்காது. ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சிட்டேன்."

அப்போது இவர் வண்டிச் சத்தம் கேட்டது. ஷிப்ட் முடிந்து வழக்கம்போல வந்திருக்கிறார். எங்களைப் பார்த்ததும் திரும்பிப் போகவும் முடியாமல், வரவும் முடியாமல் வண்டியில் உட்கார்ந்தே இருந்தார். ஆன்டோதான் கிட்டே போனான். மன்னிப்புக் கின்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை.

"மாமா, எங்க பக்கம் ஒரு எடத்துல அலையாத்தி போனது பேப்பருக்கு இல்ல, இறால் குட்டைக்கு. மரத்த விட குட்டைல காசு ஜாஸ்தின்னு ஆனதும் மரம் போயிடுச்சி. அங்கதான் நான் தெனம் கன்னு நடுறேன். இங்க அதே வேலைய நானே பண்ண வச்சிட்டேன்."

"இது காடு இல்ல மாப்ள. வெட்டத்தான் நட்டேன்."

"காடு இல்லதான் மாமா. ஆனா நீங்க திரும்ப நடுவீங்க. பிளாட்டுக்காரன் கல்லுதான் நடுவான்."

இவர் முளைக்குச்சியைப் பார்த்தார். "ஊருக்கே எழுதியாச்சே" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. சனிக்கிழமை பிளாட்டுக்காரன் முன்பணத்தோடு வருவதாக இருந்தது. நான் மாதாவிடம் மட்டும் பேசிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலையில் வாசலில் நின்றது ஆன்டோ. கையில் தாம்பாளம். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மேலே ஒரு பத்திரிகை. அடித்த பத்திரிகை. பெண்ணைப் பெற்றவரையே அவர் மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்த மாப்பிள்ளையை நான் அன்றுதான் பார்த்தேன்.

"நீங்க அவசியம் வரணும் மாமா" என்று தட்டை நீட்டினான்.

இவர் கண்ணாடியைத் தேட, பெலிசியா ஓடிப் போய் எடுத்துவந்தாள். பழைய வரி இருந்த இடத்தில் வேறு எழுதியிருந்தது. இவர் சத்தமாகவே படித்தார்.

'இந்தத் திருமணத்துக்காக ஒரு சவுக்குத் தோப்பு வெட்டப்படுகிறது. நட்டு வளர்த்தவர், மணமகளின் தந்தை திரு. சகாயநாதன். அதே நிலத்தில் மறுபடியும் நடுவார்.'

"போன்ல எல்லாருக்கும் இதையே அனுப்பிட்டேன் மாமா, மொதல்ல எழுதுனது தப்புன்னும் சொல்லிட்டேன். பேப்பர்ல இது ஒண்ணே ஒண்ணுதான். மத்தவங்களுக்கு அடிக்க வேணாம்னு இப்பவும் சொல்லுவேன். வீணாப் போறது வீணாப் போறதுதான்."

பிடிவாதக்காரன். எனக்கு அது பிடித்திருந்தது.

இவர் பத்திரிகையைத் தடவிப் பார்த்தார். பிறகு மூக்குக்கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"நம்ம மரமா இருக்குமா மாப்ள?"

"இருக்கலாம் மாமா."

இவர் போனை எடுத்தார். "சேரா, லாரிய வரச் சொல்லு. அப்படியே நாத்து எப்ப கெடைக்கும்னும் கேட்டு வையி." பிளாட்டுக்காரன் வந்தபோது அவனுக்கு ஒரு காபி கிடைத்தது, அத்தோடு சரி.

மறுநாள் மூன்றாம் ஓலை. தடை ஏதும் உண்டா என்று சாமியார் கேட்டபோது, பழக்கதோஷத்தில் நான் இவர் பக்கம் திரும்பினேன். சட்டைப் பைக்கு வெளியே அந்தப் பத்திரிகையின் ஓரம் தெரிந்தது. "என்னா பாக்குற?" என்று கிசுகிசுத்தார்.

பூசை முடிந்து எல்லாரும் கோவில் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். இவர் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து ஆன்டோ பக்கத்தில் நிறுத்தினார்.

"ஏறுங்க மாப்ள. நாளைக்கு வெட்ட ஆரம்பிச்சிடுவாங்க. அதுக்கு முன்னாடி போயி கொஞ்ச நேரம் மூச்சு வுட்டுட்டு வரலாம்."